கம்பி வழி வந்த சங்கீதம்

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குச் செல்லும் கூட்டரசு நெடுஞ்சாலை பெட்டாலிங் ஜெயாவின் மேற்கெல்லையைத் தொடுகிற இடத்தில், 1965 முதல் இயங்கிவரும் மதுவடிசாலை ஒன்றும், அதற்கு அண்டையில் சீனர்கள் மிகுந்த புதுக்கிராமம் ஒன்றும், உயர்ந்த வேலிக்குள் ஜன்னல்கள் குறைந்த நீண்ட யந்திரசாலைகள் சிலவுமாக, வழிப்போக்கர் கண்ணுக்கு விசேஷமான கவர்ச்சி எதுவும் இல்லாத ஒரு பிரதேசம் இருக்கிறது. அதன் பெயர் சுங்கை வே. இரயில் நிலையத்தின் பலகையில் இப்போது ஸ்ரீ செத்தியா என்று எழுதியிருந்தாலும், வயதானவர்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. இவ்வூரின் சரித்திரத்தைச் சொல்லப் புகுந்தவர்கள் ஈயத்தைப் பற்றிச் சொல்வார்கள். அவசரகாலத்தில் ஜனங்கள் குடிபெயர்க்கப்பட்டதைச் சொல்வார்கள். அண்டையிலிருந்த பழைய ஈயக் குட்டை ஒன்று 1993-இல் கேளிக்கைப் பூங்காவாகி, சன்வே என்ற பெயரில் தேசமெங்கும் பிரசித்தி அடைந்ததையும் சொல்வார்கள். பாட்டின் கதையைச் சொல்பவர் அரிது. ஆனால், காசு கொடுத்துப் பாட்டுக் கேட்கும் சம்பிரதாயம் இந்நாட்டில் எவ்வெவ்வாறு உருமாறி வந்தது என்று அறிய விரும்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அகப்படாது என்பது நம் அபிப்பிராயம். ஏனெனில், பாட்டைச் சுமந்த யந்திரங்களின் உள்ளுறுப்புகளைச் செய்த கைகளும், அந்தப் பாட்டைக் கேட்ட செவிகளும் இங்கே ஒரே குடும்பங்களைச் சேர்ந்தவையாக இருந்தன.

மாதச் சந்தா கட்டிப் பாட்டுக் கேட்பது இருபத்தோராம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று எண்ணுகிறவர்கள், கோலாலம்பூரின் முதியவர்களை ஒருமுறை விசாரிப்பது நலம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து நான்கே ஆண்டுகளில், 1949-இல், ரீடிஃப்யூஷன் என்ற ஆங்கிலேய ஸ்தாபனம் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் கம்பி வழி வானொலியைத் தொடங்கியது. தெருவோடு இழுத்த கம்பி வீட்டுக்குள் நுழைந்து, சுவரில் மாட்டிய ஒரு சிறு பெட்டியில் வந்து முடியும். அந்தப் பெட்டியில் நிலையம் தேடித் திரிய முள் கிடையாது, இரைச்சல் கிடையாது, கம்பெனி எதை அனுப்புகிறதோ அதைக் கேட்க வேண்டியதுதான். சிங்கப்பூரில் அதற்கு மாதம் 5 வெள்ளி வாங்கினார்கள். அந்நாளில் அது சாதாரணக் குடும்பத்துக்கு அற்பத் தொகையன்று. சந்தா நின்றால் சப்தமும் நிற்கும். ஆண்டுக்கணக்கில் பணம் கட்டியவர் வீட்டிலும், கம்பியை அறுத்துவிட்டுப் போன மறுநாள், கேட்ட பாட்டுகளில் ஒன்றுகூட மிஞ்சியிராது. இந்த ஏற்பாட்டின் புகழெல்லாம் பெரும்பாலும் சீனக் கதைசொல்லிகளால் வந்தது; தமிழர்க்கு அதில் கிடைத்த பங்கு சொற்பம்.

தமிழர்க்கு வேறு வழி இருந்தது. 1946 ஏப்ரலில் மலாயா வானொலி அமைந்தபோதே, அது பேசிய மொழிகளுள் தமிழும் ஒன்றாயிற்று. 1948-இல் அவசரகாலம் பிரகடனமான பின், தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொதுவானொலிப் பெட்டிகளை நிறுவி, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான பிரசாரத்தை அரசாங்கம் ஜனங்களின் காதில் ஓதியது. பிரசாரத்தைச் சகித்துக்கொண்டு பாட்டுக்காகக் காத்திருப்பது எந்த நாட்டு நேயருக்கும் இயல்பு. பால்வெட்டு முடிந்து லயத்துக்குத் திரும்பியவர்கள் அதற்கு விலக்காக இருந்திருக்க மாட்டார்கள். சொந்தப் பெட்டி வாங்கியவர்கள் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். பிற்காலத்தில் தொலைக்காட்சிக்கு ஆண்டுக்கு 24 வெள்ளி என்ற கட்டணம் சென்ற நூற்றாண்டின் இறுதி வரைக்கும் இருந்தது. ஆகவே கேட்பதற்கு வாடகை கொடுப்பது இந்நாட்டில் புராதனமான வழக்கம் என்றே சொல்லலாம். பாட்டைச் சொந்தமாக வைத்துக்கொள்வது என்பதுதான், இரண்டு வாடகைக் காலங்களுக்கு நடுவே வந்து போன இடைவேளை.

அந்த இடைவேளையின் முற்பகுதியை நாம் விரைந்து கடந்துவிடலாம். இசைத்தட்டு பணக்காரர் வீட்டில் இருந்தது. ஒலிநாடாதான் ஏழைகளின் வீட்டுக்கு வந்தது. மட்சுஷிதா கம்பெனி 1965-இல் ஷா ஆலத்தில் ஆலை நிறுவிய பிறகு, நேஷனல் என்ற முத்திரை தாங்கிய பொருள்கள் தமிழ்க் குடும்பங்களின் சீதனச் சாமான்களில் இடம்பெறலாயின. 1979-இல் ஜப்பானில் வாக்மேன் பிறந்தபோது, பாட்டு சட்டைப்பைக்குள் ஏறியது. பிரிக்பீல்ட்ஸிலும், மஸ்ஜித் இந்தியாவிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும், புது சினிமாப் படம் வந்த வாரமே அதன் ஒலிநாடா கண்ணாடி அலமாரியில் ஏறிவிடும். ஒருமுறை விலை கொடுத்தவன், நாடா தேயும் வரையில் கேட்கலாம். தேய்ந்தால் பிரதி எடுக்கலாம். யாரும் வந்து கம்பியை அறுக்க முடியாது.

இதற்கிடையில் சுங்கை வேயில் ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்திருந்தது. சுதந்திர வர்த்தக வலயங்களுக்கான சட்டம் 1971-இல் இயற்றப்பட்டு, அடுத்த ஆண்டே பினாங்கில் பாயான் லெப்பாஸிலும், சிலாங்கூரில் சுங்கை வேயிலும் வலயங்கள் திறக்கப்பட்டன. வெளிநாட்டுக் கம்பெனி உதிரிப் பாகங்களைச் சுங்க வரியின்றி இறக்கி, இங்குள்ள கைகளால் பொருத்தி, வரியின்றியே ஏற்றுமதி செய்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு. மோட்டரோலா வந்து குறைகடத்திச் சில்லுகளை உறையிடும் ஆலையை நிறுவியது. கணினிக்கான வன்தட்டு செய்யும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் இங்கே வேரூன்றியது. கம்போங்குகளிலிருந்து மலாய்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பிழைப்பிழந்து, கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்திருந்த தமிழ்க் குடும்பங்களின் பெண்களும் அந்த வரிசையில் நின்றார்கள். தாய் பால்மரத்துக்குப் போனாள். மகள் பாக்டரி பஸ் ஏறினாள். ஒரு தலைமுறைக்குள் இத்தனை தூரத்தை இவ்வளவு சாதாரணமாகக் கடந்த இன்னொரு சமூகத்தை நாம் கண்டதில்லை.

வன்தட்டு என்பது யாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கண்ணாடிபோல் மெருகேற்றிய வட்டத்தகடு ஒன்று நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல, அதன் மீது தொடாமல் தொட்டபடி ஒரு சிறு முனை மிதந்து சென்று காந்தக் குறிகளை எழுதும், படிக்கும். அந்த இடைவெளியில் ஒரு தூசி விழுந்தாலும் தட்டு பாழ். அதனால், அதைப் பொருத்துகிறவர்கள் தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கி பூண்டு, கண் மட்டும் தெரிய, வடிகட்டிய காற்று வீசும் கிளீன் ரூமுக்குள் எட்டு மணியோ பன்னிரண்டு மணியோ நின்று வேலை செய்வார்கள். பூவும் பொட்டும் முகப்பூச்சும் அங்கே ஆகாது. தகவலைச் சேமிக்கும் கருவி எதையும் உற்பத்திக் கூடத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதும் இத்தகைய ஆலைகளில் பொதுவான விதி. நாள் முழுதும் லட்சம் பாட்டுகள் அடங்கக்கூடிய தட்டுகளைச் செய்கிற ஒருத்தி, தன் இருபது பாட்டுகள் அடங்கிய குட்டிக் கருவியைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்! வெளிவந்த தட்டுகளின் முதுகில், மலேசியத் தயாரிப்பு என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட வெள்ளைச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும்.

அந்தக் குட்டிக் கருவியின் கதைக்கு வருவோம். பாட்டின் ஒலியில் மனிதச் செவி கவனியாமல் விடும் அம்சங்களைக் களைந்து, மிஞ்சியதைச் சுருக்கி எழுதும் முறையொன்றை ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் ஆராய்ச்சிக்கூடத்தார் வளர்த்தெடுத்தார்கள். 1995 ஜூலையில் அதன் கோப்புகளுக்கு எம்பி3 என்ற வால் சூட்டப்பட்டது. நான்கு நிமிஷப் பாட்டு நான்கு மெகாபைட்டுக்குள் அடங்கியது. கொரியாவின் எம்பிமேனும் அமெரிக்காவின் ரியோவும் 1998-இல் கடைக்கு வந்தன. ரியோவின் ஞாபகம் 32 மெகாபைட். எட்டுப் பாட்டு ஏற்றினால் நிறைந்துவிடும். அதைக் கணினியின் அச்சுப்பொறி மாட்டும் துவாரத்தில் பெரிய கம்பியால் இணைத்துத்தான் பாட்டேற்ற முடிந்தது. அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகள் அதைத் தடுக்க வழக்குத் தொடுத்து 1999-இல் தோற்றன. அன்று முதல் கையடக்கப் பாட்டுக் கருவிகளுக்கு வழி திறந்துகொண்டது. நம் அண்டையிலுள்ள சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ நிறுவிய கிரியேட்டிவ் கம்பெனி, 2000-இல், ஆறு ஜிபி வன்தட்டு ஒன்றைக் கருவிக்குள்ளேயே அடக்கி நோமாட் ஜூக்பாக்ஸ் என்று விற்றது. ஆப்பிளின் ஐபாட் அதற்கு ஓராண்டு கழித்து, 2001 அக்டோபரில், ஐந்து ஜிபியுடன் வந்தது. கிரியேட்டிவ் முந்திக்கொண்டும் உலகம் ஐபாடைத்தான் ஏந்திக்கொண்டது. பாட்டுகளைப் பட்டியலிட்டுத் தேடும் முறைக்கான காப்புரிமை தங்களுடையது என்று வழக்காடி, 2006-இல் ஆப்பிளிடமிருந்து 10 கோடி டாலர் பெற்றதோடு சிங்கப்பூர்க்காரர்கள் திருப்தியடைய வேண்டியதாயிற்று.

நோமாடின் குறையை ஒரு கணக்கில் சொல்லிவிடலாம். அது பிடித்துக்கொண்ட யுஎஸ்பி கம்பியின் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட். ஆறு ஜிபியை அந்த வேகத்தில் நிரப்ப, ஏட்டுக் கணக்கிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடைமுறையில் அதைப்போல் இரு மடங்கு என்றாலும் மிகையன்று. ஐபாடின் ஃபயர்வயர் கம்பி நொடிக்கு 400 மெகாபிட் கடத்தியது. பாட்டுக் கருவிகளின் யுத்தத்தில், வெளிப்பூச்சின் அழகைப் பற்றி எழுதியவர்கள் அதிகம். கம்பியின் வேகத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. நமக்கென்னவோ, பாதி வெற்றியைக் கம்பிதான் தேடித்தந்தது என்று தோன்றுகிறது.

சுங்கை வேயின் அடுக்குமாடி வீடுகளில் ஐபாட் வாங்கியவர்கள் சிலரே. கணினி மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தது. 2000-ஐ ஒட்டிய காலத்தில், ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துக் கணினி வாங்கலாம் என்று அரசாங்கம் அனுமதித்தபோது, முதுமைக்கென்று வைத்த பணத்தில் ஒரு பகுதி கணினிக் கடைகள் நிறைந்த இம்பி பிளாசாவுக்கும் லோயாட் பிளாசாவுக்கும் போயிற்று. பிள்ளைகளின் படிப்புக்கு என்று சொல்லி வாங்கப்பட்ட அந்தக் கணினிகள் முதலில் கற்றது சினிமாப் பாட்டைத்தான். தொலைபேசிக் கம்பி வழியே இணையம் பிடித்த நாளில், நான்கு மெகாபைட் பாட்டு ஒன்றை இறக்கச் சரியாக நடந்தாலும் பத்து நிமிஷம் ஆகும். நடுவில் யாராவது தொலைபேசியை எடுத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. 2001-க்குப் பின் அகன்ற அலைவரிசை மெல்ல மெல்ல வீடுகளுக்குப் பரவ, பாட்டுகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தன. அவை சேர்ந்த வன்தட்டு, பக்கத்து வீட்டு அக்கா நைட் ஷிப்டில் பொருத்தியதாகவே இருந்திருக்கலாம்.

பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் விற்ற மலிவான எம்பி3 கருவி ஒன்றில் பாட்டேற்றுவது எப்படி என்று சற்று விஸ்தாரமாகச் சொல்ல நமக்கு ஆசை. ஏனெனில், இந்த வித்தை வெகு சீக்கிரம் மறைந்துவிட்டது. விரல் நீளமுள்ள அந்தக் கருவியின் ஒரு முனையில் மூடியைக் கழற்றினால் யுஎஸ்பி நாக்கு தெரியும். கணினியில் செருகியதும் அது ஒரு வட்டாகத் திரையில் தோன்றும். பாட்டுக் கோப்புகளை இழுத்து அதில் போட வேண்டியதுதான். சிக்கல் அதற்குப் பிறகு. இத்தகைய கருவிகள் பெரும்பாலும் பாட்டின் பெயரையோ, பெயருக்கு முன்னால் போட்ட எண்ணையோ பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் பதிவேட்டில் எந்தக் கோப்பு முதலில் எழுதப்பட்டதோ அதையே முதலில் பாடும். விடியற்காலையில் விநாயகர் பாட்டும், அடுத்து முருகன் பாட்டும், அதற்கப்புறம் இளையராஜாவும் வேண்டுமென்றால், அதே வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். ஒரு மாதம் கழித்து இன்னொரு விநாயகர் பாட்டு அகப்பட்டால், அது காதல் பாட்டுகளுக்கெல்லாம் பின்னால்தான் போய் நிற்கும். அதை முன்னே கொண்டுவர, முழுவதையும் அழித்துவிட்டு மீண்டும் ஏற்றுவதே உத்தமம். தமிழில் பெயரிட்ட கோப்புகள் அதன் சிறு திரையில் வெறும் கட்டங்களாகத் தெரிந்ததால், எல்லாப் பாட்டுக்கும் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தார்கள். கணினி எழுதி முடிக்குமுன் அவசரப்பட்டுக் கருவியைப் பிடுங்கினால் பதிவேடே சிதைந்துபோகும். தேவாரத்துக்குப் பண் முறை வகுத்தார்கள். இதற்கும் ஒரு முறை வகுத்துக்கொண்டவர்கள் பல வீடுகளில் இருந்தார்கள்.

அப்படி ஒருவர் இல்லாத வீட்டாருக்குக் கைப்பேசிக் கடை இருந்தது. ஆலை வாசலை அடுத்த கடைவரிசையில், உறைகளும் சார்ஜர்களும் தொங்கும் ஓர் ஒடுங்கிய கடைக்குள், பழைய கணினி ஒன்றின் முன்னே ஓர் இளைஞன் அமர்ந்திருப்பான். சம்பள நாள் மாலையில் அங்கே நடக்கும் சம்பாஷணை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்.

“தம்பி, இந்த மெமரி கார்டுல பாட்டு ஏத்திக் குடுப்பா. எஸ்பிபி, ஜானகி பாட்டா இருக்கணும்.”

“புதுப் பாட்டும் போடவா அக்கா?”

“பிள்ளைங்க கேக்கும், கொஞ்சம் போடு. சத்தம் போடுற பாட்டு வேணாம்.”

சில வெள்ளியும் கால் மணி நேரமும் போதும். சில நூறு பாட்டுகள் அட்டைக்குள் ஏறிவிடும். அவற்றுள் ஒன்றுக்கும் யாருக்கும் உரிமைத்தொகை போய்ச் சேராது என்பது கடைக்காரனுக்கும் தெரியும், அக்காவுக்கும் ஓரளவு தெரியும். கள்ளத்தட்டுகளை அடக்க ஆப்டிகல் டிஸ்க் சட்டம் 2000-இல் இயற்றப்பட்டது. 2003 முதல் அசல் தட்டுகளில் மின்னும் ஹாலோகிராம் ஒட்டு கட்டாயமாயிற்று. அமலாக்கத் துறையினர் பசார் மாலாமில் தட்டுகளை மூட்டை மூட்டையாக அள்ளிச் சென்றார்கள். தட்டே இல்லாத பாட்டின் மீது ஒட்டு எங்கே ஒட்டுவது? சட்டத்தின் கண்ணோட்டத்தில் இது திருட்டு என்பதை நாம் மறுக்கவில்லை. இசைக்கலைஞர்கள் வயிற்றில் அடித்ததையும் மறைக்கவில்லை. 2006-இல் யோகி பியும் நட்சத்திராவும் ‘வல்லவன்’ ஆல்பத்தை வெளியிட்டுத் தமிழ்நாடு வரைக்கும் மலேசியத் தமிழின் சொல்லிசையைக் கொண்டுபோனபோது, அதைக் கேட்டவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் இருந்த வித்தியாசம் கொஞ்சமல்ல. ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்நாட்டுப் பாடகர்கள் சொந்தக் காசில் போட்ட ஒலிநாடாக்களில் இன்று கேட்கக் கிடைப்பவை, யாரோ ஒரு ரசிகர் நாடாப்பெட்டியைக் கணினியோடு கம்பியால் இணைத்து எம்பி3 ஆக்கி வைத்ததால்தான் பெரும்பாலும் கிடைக்கின்றன. எந்த அரசாங்கக் காப்பகமும் அந்தப் பணியைத் தலைமேல் போட்டுக்கொண்டதாக நாம் அறியவில்லை.

சந்தா என்ற பழைய வழக்கம் அமெரிக்காவில் இதே காலத்தில் புத்துயிர் பெற்றுக்கொண்டிருந்தது. ரப்சடி என்ற சேவை 2001 டிசம்பரில் மாதச் சந்தாவுக்குக் கணினியில் பாட்டு கேட்க இடமளித்தது. சந்தாப் பாட்டைக் கையடக்கக் கருவியிலும் ஏற்றலாம் என்ற நிலை, மைக்ரோசாஃப்ட் 2004-இல் புதிய பூட்டுமுறை ஒன்றை வெளியிட்ட பிறகே வந்தது. மறு ஆண்டு நாப்ஸ்டர் மாதம் 14 டாலர் 95 செண்டுக்கு இப்படிப்பட்ட சேவையைத் தொடங்கிற்று. இதன் தந்திரம் மிக விநோதமானது. கருவியில் ஏற்றிய ஒவ்வொரு பாட்டோடும் ஒரு கெடுத்தேதி ஒட்டிக்கொண்டிருக்கும். மாதம் ஒருமுறையேனும் கருவியைக் கம்பியால் கணினியோடு இணைத்து, சந்தா கட்டியாயிற்று என்று அதற்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால், கோப்பு உள்ளே இருந்தும் பாட்டு ஊமையாகிவிடும். வாடகை பாக்கியென்றால் வீட்டுக்காரர் கதவைப் பூட்டுவது போலத்தான். விலை கொடுத்து வாங்கியவர்களும் இந்தப் பூட்டுக்குத் தப்பவில்லை: எம்எஸ்என் மியூசிக் என்ற கடையை மூடிய மைக்ரோசாஃப்ட், தன்னிடம் வாங்கிய பாட்டுகளுக்குச் சாவி வழங்கும் யந்திரத்தையும் நிறுத்தப்போவதாக 2008-இல் அறிவித்துவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதால் 2011 வரைக்கும் நீட்டிக்க நேர்ந்தது.

அந்தச் சேவைகள் மலேசியாவுக்கு வரவில்லை. ஆனால் அக்காலத்துப் பாட்டுக் கருவிகளின் சில்லுகளோடு சுங்கை வேக்குச் சம்பந்தம் வந்தது. மோட்டரோலாவின் குறைகடத்திப் பிரிவு 2004-இல் ஃபிரீஸ்கேல் என்று தனிக் கம்பெனியாகப் பிரிந்தபோது சுங்கை வே ஆலையும் அதோடு போயிற்று. ஃபிரீஸ்கேல் தன் சில்லுகளை உறையிட்டுச் சோதித்த இரண்டு பெரிய ஆலைகளுள் ஒன்று சீனத்துத் தியான்ஜினிலும் மற்றொன்று இங்கேயும் இருந்தன. ஐபாடை வீழ்த்த மைக்ரோசாஃப்ட் 2006-இல் களமிறக்கிய ஜூன் என்ற கருவிக்கு மூளையாக இருந்தது ஃபிரீஸ்கேலின் ஐ.எம்.எக்ஸ். 31 சில்லு. 2005-இல் வந்த முதல் ஐபாட் ஷஃபிளுக்கும், பெயர் தெரியாத எத்தனையோ மலிவுக் கருவிகளுக்கும் சில்லு வழங்கிய சிக்மாடெல் கம்பெனியையும் 2008-இல் ஃபிரீஸ்கேலே வாங்கிக்கொண்டது. வாங்கிய காலம்தான் சரியில்லை. ஐபோன் வந்து ஓராண்டு ஆகிவிட்டது, தனிப் பாட்டுக் கருவியின் ஆயுள் முடியும் தறுவாயில் இருந்தது.

ஐடியூன்ஸ் கடை மலேசியாவில் 2012 ஜூனில்தான் திறந்தது. அமெரிக்காவில் திறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. பாட்டை விலைக்கு வாங்க முறையான வழி கிடைத்த பத்தாவது மாதம், வாங்கவே வேண்டாம் என்று ஸ்பாட்டிஃபை வந்து நின்றது: 2013 ஏப்ரல் 16, மாதச் சந்தா 14 வெள்ளி 90 காசு. அவ்வாண்டு ஜனவரியில் தீபகற்பத்தில் அமலுக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 900 வெள்ளி. ஆலைத் தொழிலாளிக்குச் சந்தா கட்டுப்படியாகாத தொகையன்று. ஆனால் கடன் அட்டை வேண்டும், இணையம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்க விரும்பும் பாட்டு அங்கே இருக்க வேண்டும். விளம்பரத்தைச் சகித்துக்கொண்டால் இலவசமாகவும் கேட்கலாம் என்ற வசதியே பலரை உள்ளே இழுத்தது. பிரசாரத்தைப் பொறுத்துக்கொண்டு பாட்டுக்குக் காத்திருந்த தோட்டத்துப் பாட்டனின் பேரப்பிள்ளைகளுக்கு இது புதிதல்லவே.

தமிழ்ப் பாட்டுக்கு உரிமையாளர் யார் என்பது மாத்திரம் எளிதில் தீராத கேள்வியாக இருந்தது. இளையராஜாவின் பாட்டுகளுக்கு உரிமை கோரியவர்களுள் அகி மியூசிக் என்ற மலேசியக் கம்பெனியும் ஒன்று. சென்னை உயர் நீதிமன்றம் 2014-இல் அதற்கும் எக்கோ முதலிய கம்பெனிகளுக்கும் இடைக்காலத் தடை விதித்தது. 2019-இல் தீர்ப்பு வந்தது. வழக்கு அத்தோடு ஓயாமல் மேல்முறையீட்டுக்குப் போயிற்று. இவ்வழக்குகளின் நுணுக்கத்தை நீதிமான்கள் பார்த்துக்கொள்ளட்டும். சந்தாதாரருக்கு அதன் பலன், நேற்று வரை பட்டியலில் இருந்த பாட்டு இன்று சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும், தொட்டால் பாடாது என்பதே. மெமரி கார்டு அப்படி ஒருநாளும் செய்ததில்லை. ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்குள் நுழைந்தது 2019 பிப்ரவரியில். அதுவரை மலேசியத் தமிழர், தங்கள் பாட்டின் தாயகமே இல்லாத ஒரு சேவையில் தமிழ்ப் பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தேடும்போது, எம்பி3 காலத்தில் ஆங்கில எழுத்தில் வைத்த அதே பெயர்கள், அதே எழுத்துப் பிழைகளோடு அவர்களை எதிர்கொண்டன.

இனி வன்தட்டின் முடிவைச் சொல்ல வேண்டும். பாட்டு வீட்டில் இருந்த வரைக்கும் அதைச் சேமிக்க இடம் வேண்டியிருந்தது. 2011-இல் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்து வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஆலைகள் நீரில் மூழ்கியபோது, உலகமெங்கும் வன்தட்டுக்குப் பஞ்சம் ஏற்பட்டு விலை ஏறியது. அத்தனை பேர் வீட்டில் எதையோ சேமித்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு அது சாட்சி. சந்தா பரவிய பின் பாட்டும் படமும் எங்கோ தொலைவிலுள்ள கூடங்களில் குடியேறின. வீட்டுக் கணினிக்குள்ளும் சுழலும் தட்டின் இடத்தைச் சுழலாத சில்லு பிடித்தது. கணினிகளுக்கான வன்தட்டின் தேவை நீண்டகாலமாகக் குறைந்து வருவதைக் காரணம் காட்டி, பெட்டாலிங் ஜெயா ஆலையை 2019 இறுதிக்குள் மூடிவிடுவதாக வெஸ்டர்ன் டிஜிட்டல் 2018 ஜூலையில் அறிவித்தது. தட்டு வேலை தாய்லாந்துக்குப் போயிற்று. சில்லுச் சேமிப்பகம் செய்யும் வேலை பினாங்கில் விரிந்தது. சந்தாவே ஆலையை மூடிற்று என்று சொன்னால் மிகையாகும். ஆனால், கம்பியில் கருவியை மாட்டிப் பாட்டைத் தன் வீட்டுத் தட்டில் வைத்துக்கொண்ட வழக்கம் தேய்ந்ததும், அந்தத் தட்டைச் செய்த ஆலை ஓய்ந்ததும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள் என்பதில் நமக்கு ஐயமில்லை. கிளீன் ரூமில் இருபது முப்பது ஆண்டு நின்றவர்களுள் சிலர் இப்போது தாமானில் பலகாரக் கடை வைத்திருக்கிறார்கள். சிலர் வேறு ஆலைக்குப் போனார்கள்.

ஃபிரீஸ்கேல் 2015 இறுதியில் என்எக்ஸ்பியோடு இணைந்தது. சுங்கை வே ஆலை அப்பெயரில் நடக்கிறது. அந்தக் கம்பெனியின் பெரும் வியாபாரம் இன்று மோட்டார் வாகனச் சில்லுகள். கார் வானொலிக்கானவையும் அவற்றுள் அடக்கம். இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. வீட்டிலும் கைப்பேசியிலும் இடமிழந்த எம்பி3 கோப்புக்கு இன்னும் இடம் தருவது கார்தான். பழைய புரோட்டோன் சாகாவிலும் பெரோடுவா மைவியிலும் வானொலிக்குப் பக்கத்தில் ஒரு யுஎஸ்பி துவாரம் இருக்கும். அதில் பெண்டிரைவ் ஒன்று, செருகிய நாளிலிருந்து பிடுங்கப்படாமல் இருக்கும். தீபாவளிக்குப் பேராவுக்கோ கெடாவுக்கோ புறப்படுகிறவர்கள், மலைப்பாதையில் இணையம் அறுந்துபோனாலும் பாட்டு நிற்கக் கூடாதே என்று, கிள்ளான் கடைகளில் பாட்டேற்றிய பெண்டிரைவ் வாங்கிக்கொண்டு போகிறார்கள். மாதாமாதம் சந்தா கட்டுகிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.